முனி வாயின் பள்ளம்

ஜெலாப்பாங் ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்தின் சுண்ணாம்பு மலையடியில் ஒரு முனீஸ்வரன் கோயில். அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த நீளமான தாடை எலும்பை, முனி வாய் என்று வேலில் கம்பியால் கட்டிக் கும்பிட்டு வந்தார்கள். கல்லாய் இறுகிப்போன எலும்பு அது. பல்வரிசையைப் பார்த்தால் யாருக்கும் கும்பிடத்தான் தோன்றும்.

இப்போது அந்த மலையையே ஒரு கல்லுடைக்கும் கம்பெனி கேட்கிறது. கோயிலோடு சுற்றியுள்ள வீடுகளும் போய்விடும். அதில் உடையப்பன் வீடும் ஒன்று. அவர் மகள் தினேஸ்வரி பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் படிக்கிறாள் அல்லவா, மொத்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றிவிட்டார்கள். அவளும் சும்மா இராமல் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரை அழைத்து வந்தாள்.

இந்தத் தாடைக்குரிய, அழிந்துபோன நீள்வாய்ப் பிராணிகளை வைத்து அறிஞர்களுக்குள் தீராத சண்டை. இன்றைய கரியால் முதலையின் பங்காளி என்கிறது ஒரு கட்சி. மீன் பிடித்துத் தின்றே வாய் நீண்டுபோன வேறு குடும்பம், உறவே கிடையாது என்கிறது மறு கட்சி. பேராசிரியர் இரண்டாம் கட்சி. தாடையோரம் ஓடிய பள்ளத்தைத் தடவியதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கரியாலுக்கு இந்தப் பள்ளம் கிடையாது. இது தனிக் குடும்பம். இனி இந்த மலையைத் தொட விடமாட்டேன்,” என்றார் ஆங்கிலத்தில்.

தினேஸ்வரி தமிழில் சொன்னதும் பெண்கள் குலவையிட்டார்கள். உடையப்பன் சிரித்தார்.

“அது நான் அரத்தால தேய்ச்சதுலா. கம்பி வழுக்கி வழுக்கி விழுந்துச்சு, அதான் பள்ளம் போட்டேன். அவருகிட்ட சொல்லும்மா.”

எண்ணெயும் சாம்பிராணிப் புகையும் ஏறி, அரம் பட்ட தடமே தெரியவில்லை. தினேஸ்வரி பள்ளத்தை உற்றுப் பார்த்தாள். சொன்னால் மலை போச்சு. சொல்லாவிட்டால் அவள் பெயரும் சேர்ந்து அச்சேறப்போகும் கட்டுரை பொய். எந்தப் பக்கமும் வழியில்லை. அழைத்து வந்தவளும் அவளேதான்.

“அப்பா என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் பேராசிரியர்.

“கிடைத்த நாளிலிருந்தே இப்படித்தான் இருக்கிறதாம்,” என்றாள் ஆங்கிலத்தில்.

“சொல்லிட்டியா?” என்றார் அப்பா.

“சொல்லிட்டேன்ப்பா.”

உடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டுரைக்குப் படமெடுக்கப் பேராசிரியர் கேமராவைத் தூக்கியதும், கோயிலுக்குப் பின்னால் ஓடி, துருப்பிடித்த அரத்தை எடுத்து வந்தார். அதைப் பள்ளத்தில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அப்படியே பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

பேராசிரியர் கேமராவை இறக்கினார். தினேஸ்வரியைப் பார்த்தார். இந்த முறை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.