தங்கச்செல்வி பறித்த விடை

அருப்புக்கோட்டையைப் பின்னிட்டுத் திருச்சுழி கடந்து நரிக்குடி நோக்கி நீளும் சாலையின் இருமருங்கும், ஆடிக்காற்றானது கரிசற் புழுதியை வாரியெடுத்து வானுக்கு எறிந்து, சீமைக்கருவேலங் காட்டை மங்கச் செய்து, நீரற்ற கண்மாயின் கரையேறி, ஊரார் நடத்திவந்த உயர்நிலைப் பள்ளியின் சாளரங்களைப் படபடவென அடித்துக்கொண்டிருந்த முற்பகல் வேளை. அன்பரே, அப்பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், பிள்ளைகளுக்குப் பின்னே கடைசி இருக்கையில், ஐம்பது அகவையை எட்டிய அம்மையார் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இருபத்துநான்கு ஆண்டுகள் கணக்குக் கற்பித்த தங்கச்செல்வி அவர்.

தலைமையாசிரியர் வரும் வைகாசியில் ஓய்வுபெறவிருந்தமையால், பட்டறிவு மிக்க கணக்காசிரியர்களைப் பள்ளித் தலைவர்களாக ஆக்கும் பயிற்சிக்கு இவரை வாரந்தோறும் அருப்புக்கோட்டைக்கு அனுப்பினர். அங்கே இட்ட பணி எளியது: உடன் பணிபுரிபவர் வகுப்பில் வாய்திறவாது அமர்ந்து, பிள்ளைகளை மட்டும் பார்த்துவர வேண்டும். எளியதா? கணக்காசிரியரை வாயடைத்து உட்காரவைப்பதினும் கொடுமை உண்டோ!

அவர் ஒன்பதாம் வகுப்புக் கணக்காசிரியர் சீனிச்சாமியின் வகுப்பைத் தேர்ந்ததற்கு ஐயமே காரணம். பிள்ளைகளின் ஏடுகளில் நாள்தோறும் பிழையான கணக்கொன்று அடித்துத் திருத்தப்பட்டிருப்பதைக் கண்டிருந்தார். 'இம்மனிதருக்குக் கணக்கே வராதோ? நான் தலைமை ஏறினால் என் பத்தாம் வகுப்பும் இவர் கைக்கன்றோ போகும்? பிள்ளைகள் நிலை என்னாவது?' என்று உள்ளம் கொதித்தது. சீனிச்சாமியோ, அம்மையார் கையிலிருந்த குறிப்பேட்டைக் கண்டு, தம் வேலைக்கு உலைவைக்க வந்தவரென்றே எண்ணினார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சமக்குறியின் இடப்புறம் இருந்த கழித்தல் ஏழை வலப்புறம் கொண்டுசென்ற சீனிச்சாமி, அதனைக் கூட்டலாக்காமல் கழித்தலாகவே கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பை நோக்கித் திரும்பிக் கைகட்டி நின்றார். அவ்வளவுதான். அம்மையார் துள்ளியெழுந்து, விடுவிடுவென நடந்து, சுண்ணக்கட்டியைப் பற்றிக் கணக்கைத் திருத்தி முடித்தார். பிள்ளைகள் கைதட்டினர். 'ஐயம் உறுதி' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

உணவு வேளையில் சீனிச்சாமி அவரெதிரே வந்து நின்றார்.

"டீச்சர், அந்தத் தப்பத் தெரிஞ்சுதான் போட்டேன். தெனமும் ஒன்னு போடுவேன். அதுகளாக் கண்டுபிடிக்கணும்னுதான்."

"மாட்டிக்கிட்ட பொறவு சொல்ற கதை மாதிரியில்ல இருக்கு, சார்!"

"என்னைய நம்ப வேணாம். ரெண்டாம் பெஞ்சு ரைஹானாவக் கேளுங்க. ஜூன்ல இருந்து வாயே தொறக்காத புள்ள. இன்னைக்குத்தான் மொதத் தடவையாக் கையத் தூக்குச்சு. நீங்க குறுக்க வந்து நின்னுட்டீக."

அப்போதும் நம்பாமல், வேப்பமரத்தடியில் உண்டுகொண்டிருந்த அச்சிறுமியைத் தேடிச் சென்றார் தங்கச்செல்வி.

"நீ கையத் தூக்குனியா, ஆத்தா? என்ன சொல்ல வந்த?"

ரைஹானா தலைகுனிந்தாள். "அதான் நீங்களே சொல்லிட்டீகளே, டீச்சர்."

அம்மையாருக்கு முகம் கறுத்தது, வெட்கம் தாளவில்லை. பயிற்சியில் பிள்ளைகளைப் பார் என்றனர். அவரோ பலகையை மட்டுமே பார்த்திருந்தார். நேரே சென்று, "தப்பு எம்மேலதான் சார்" என்றார். சீனிச்சாமி தலையசைத்தார்.

மறுநாளும் அதே கடைசி இருக்கை. சீனிச்சாமி பிழையொன்றை எழுதிக் கைகட்டி நின்றார். நான்கைந்து கைகள் உயர்ந்தும் அவர் அழைக்கவில்லை. ரைஹானாவையே நோக்கிக் காத்திருந்தார். அவளோ மெல்லத் திரும்பி, பின்னிருந்த அம்மையார் எழுவாரோ என்று ஐயுற்றுப் பார்த்தாள். தங்கச்செல்வி இருக்கையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு அசையாதிருந்தார். எனினும் அச்சிறுமி நம்பவில்லை. கைகளை மடியில் புதைத்தபடியே இருந்துவிட்டாள், மணியும் அடித்துவிட்டது.

ஆள்வோர் ஒருகணத்தில் பறித்ததைத் திருப்பியளிக்க ஆண்டுகளும் போதா. தங்கச்செல்வி எழுந்து, இருபத்துநான்கு ஆண்டுகளில் முதன்முறையாக, பலகையில் நின்ற ஒரு பிழையான கணக்கைத் திருத்தாமல், வெளியே நடந்தார்.