எல்லாம் கால் பலம்

எனக்குச் சர்க்கரை இறங்கியது உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

போன வருடப் பரிசோதனையில் என் இடுப்பை அளந்த நர்ஸ் நிஷிவாகி, டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஹிரோபே-சான், இனிமே உடம்பு அசைஞ்சே ஆகணும்" என்றாள். ஸ்டேஷனிலிருந்து எங்கள் இகோமா மேட்டுக்கு ஏறினால் எவனுக்கும் நாக்குத் தள்ளும். மின்சார சைக்கிள் வாங்கினேன். மிதித்தால்தான் அது ஓடும். ஆனால் மேட்டில் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவதுபோல் இருக்கும். முன்னும் பின்னும் பிள்ளைகளை உட்காரவைத்துப் போகும் தாய்மார்களின் வண்டியாயிற்றே என்று எனக்கு வெட்கம். பேட்டரி தெரியாமல் ஒரு துணிப்பையை மாட்டினேன். மேட்டு உச்சியில் ஆள் தென்பட்டால் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்குவேன். என் மனைவி தொகிகோ ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "நடிச்சே பாதிக் கொழுப்பு கரைஞ்சிருக்கும்" என்றாள்.

ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. நிஷிவாகிக்கு ஏக சந்தோஷம். சுற்றுப் பலகையில் சைக்கிளோடு என் படத்தைப் போடலாமா என்று கேட்டாள். நானும் மண்டையை ஆட்டினேன். அறிவிப்புகளைச் செருகிய அந்தப் பலகை எங்கள் தெருவில் வீடு வீடாகப் போகும். படித்தவர் தன் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். 'தினமும் சைக்கிளில் மேடேறிச் சர்க்கரையை வென்றவர்' என்று என் இளிப்பு தெரு முழுக்கச் சுற்றியது.

எனக்கு அடுத்த வீடு குவபாரா-சான். அவருக்கும் சர்க்கரை.

"அடுத்த டெஸ்ட்ல கொறையலைன்னா ஊசிதான்னு சொல்லிட்டாங்க" என்றபடி படத்தை உற்றுப் பார்த்தார். "இது சாதா சைக்கிள்தானே?"

"சாதாதான். எல்லாம் கால் பலம்."

எப்படித்தான் வாய் வந்ததோ.

மறுநாளே அவர் தன் பழைய சைக்கிளை எடுத்தார். நான்காம் நாள் மேட்டில் முழங்கால் பிசகி, பூசணிக்காயாக வீங்கியது. இரண்டு மாதம் நடைகூட இல்லை. சர்க்கரை ஏறியது, ஊசியும் வந்தது.

நேற்று பேரிக்காய் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் நெற்றி படக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப, அந்த கரண்ட் வண்டியிலயே சர்க்கரை எறங்குச்சா?"

"எறங்குச்சு."

"நெசமாவா?"

"நெசமா. தெனமும் மிதிச்சேன். அது மட்டும் பொய்யில்ல."

அவருக்குச் சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது. சட்டையைத் தூக்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியைக் குத்திக்கொண்டார்.

"நானும் மொதல்ல கரண்ட் வண்டியத்தான் வாங்கறதா இருந்தேன். கடையில சொல்லிக்கூட வச்சிட்டேன். உங்க படத்தைப் பார்த்ததும் வெக்கமாப் போச்சு. போய் வேணாம்னுட்டு வந்தேன்."

மறுபடி பாயில் நெற்றி படக் குனிந்தவன் நிமிரவே இல்லை.