கை காட்டாத வண்டிகள்

“சிமெண்ட் லோடு, மலைக்குக் கீழ. வாடகையைக் கொறைச்சிருக்காங்க. யாரு போறீங்க?” என்று புக்கிங்காரர் கேட்டபோது ஷெட்டிலிருந்த லாரிக்காரர்கள் எங்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. இது எங்கள் வழக்கம். வாடகை குறைந்தால் சண்டை போடமாட்டோம், கோஷம் போடமாட்டோம். வண்டிக்கடியில் பாயை விரித்துப் படுத்துவிடுவோம். சரக்கு தேங்கினால் அவர்களே வழிக்கு வருவார்கள்.

“நான் போறேண்ணே” என்று எழுந்தான் என் தங்கச்சி புருஷன்.

சனியன், அவனை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததே நான்தான். மில் மூடியதிலிருந்து வீட்டில் சும்மா கிடந்தான். தங்கச்சி முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. புது ஆட்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லாரியும் தருகிறோம் என்று கம்பெனிக்காரன் சொன்னதும் கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டேன். “சொந்தக்காரனுக்கு நல்லது செய்யறே, செய். எங்க வயித்துல அடிச்சிடாதே” என்று அன்றைக்கே சொன்னார் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்ட மூத்த டிரைவர், அதனால் அந்தப் பெயர். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

இப்போது அவனை ஓரமாக இழுத்தேன். “மாப்ளே, நாங்கல்லாம் வேலையத்துப் போயா உக்காந்திருக்கோம்?”

“நீங்க வேணாம்னு சொன்னா உங்க சொந்த வண்டி உங்களோடவே நிக்கும் மச்சான். நான் சொன்னா கம்பெனிக்காரன் சாவியப் புடுங்கிக்குவான்.”

மலையில் அவன் தனியாக இறங்கியதே இல்லை. விட்டுவிட மனசு வராமல் அடுத்த லோடை நான் எடுத்தேன். ஷெட்டில் யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சோடாபுட்டி மட்டும் போனை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனார்.

மழை விட்டிருந்தது. அவன் முன்னால், நான் பின்னால். மூன்றாவது வளைவில் எதிரே ஏறி வந்த லாரிக்காரன் எனக்குப் பழக்கமானவன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்தபடி போனான். அடுத்தவனும் அப்படியே. கீழே வழி கெட்டிருந்தால் ஏறி வருகிறவன் கையை வெளியே நீட்டி ஆட்டுவான். ஆட்டாவிட்டால் வழி சுத்தம், தைரியமாக இறங்கலாம். மலையில் அதுதான் சட்டம். மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

மூன்றாவதாக வந்த லாரி என்னைத் தாண்டியபோது அதன் சக்கரங்களைப் பார்த்தேன். அச்சு வரைக்கும் செம்மண் சேறு, ஈரம் காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் போவதோ சுத்தமான தார்ரோடு. கீழே எங்கேயோ மலை சரிந்திருக்கிறது. சோடாபுட்டி யாருக்குப் போன் போட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

போனில் டவர் இல்லை. ஹாரனை விடாமல் அழுத்தினேன். “நில்லுடா, டேய், நில்லுடா!” என்று கத்தினேன். வளைவுக்கு முன்னால் அவனும் குஷியாக இரண்டு ஹாரன் அடித்தான். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வழி சுத்தம் மச்சான், வாங்க என்பதுபோல் என்னைக் கூப்பிட்டான். அவன் வண்டியின் பிரேக் விளக்கு அணைந்தது; வண்டி வேகமெடுத்து வளைவுக்குள் இறங்கியது.