முரடன் லீவில் போன கதை

ஒட்டன்சத்திரத்தில் எழுத்துகளுக்குச் சத்தம் உண்டு. மெலிசான எழுத்து முணுமுணுக்கும், தடியான எழுத்து அதட்டும். அதனால்தான் விதைக் கம்பெனி கிளார்க் நாட்ராயன் எழுதிக் கொடுத்த ஒன்பது லீவு லெட்டரும் மேனேஜர் காதில் விழவில்லை. மனுஷன் கையெழுத்து அப்படி, எறும்புகூடக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

அதற்குள் தங்கச்சி மகள் இளவஞ்சி ரெண்டாங்கிளாஸ் போய்விட்டாள். காது இன்னும் மூளி. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதானே குத்தவேண்டும்!

"வெள்ளிக்கிழமை பழனியில காதுகுத்து. இந்தத் தடவையும் வரலீன்னா எங்கூடப் பேசாதேண்ணா" என்று தங்கச்சி பூங்கொடி போனில் அழுதேவிட்டாள். நாட்ராயனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே போஸ்டர் அடிக்கும் காசிம் பாயிடம் போனார்.

"பாய், சத்தமா ஒரு ஃபாண்ட் வேணும்."

"முரடனப் போட்டுரவா?"

முரடன் என்பது காய்ந்த பிரஷ்ஷால் வறட்டு வறட்டென்று இழுத்த எழுத்து. ஓரமெல்லாம் பிசிறு. கபடிப் போட்டி, கண்டன ஆர்ப்பாட்டம், மட்டன் கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அவன்தான்.

"கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் குடுக்கமாட்டேன்" என்றார் பாய். "ஒருக்கா போட்டேன். மாப்பிள்ளை செவுரேறிக் குதிச்சுட்டாரு."

லீவு லெட்டர் நாலடி உயரத்தில் தயாரானது. மேசையில் விரித்ததும் அது போட்ட சத்தத்தில் ஃபேன் நின்றுவிட்டது. மேனேஜர் எழுந்து நின்று, "குடுத்தாச்சுங்க, குடுத்தாச்சுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆனால் லீவு கேட்டது யார்? முரடன். ஆகவே லீவும் முரடனுக்குத்தான், கம்பெனி விதி அது. அவனுக்கு மாற்று ஆள் என்ற இடத்தில் மேனேஜர் நாட்ராயன் பெயரைப் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முரடன் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த மட்டன் கடை போஸ்டரை விட்டு இறங்கி, வேட்டி கட்டிக்கொண்டு, நாட்ராயன் வாங்கி வைத்திருந்த சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பழனி பஸ் ஏறினான். போஸ்டர் வெறும் தாளாக நின்றது. நாட்ராயன் மூன்று நாள் தாடியோடு அதில் ஏறி, கையை விரித்து ஒட்டிக்கொண்டார். பசை முதுகில் ஜில்லென்றது. இந்நேரம் தோடு போட்டிருப்பார்கள் என்று நினைத்ததும் பாவம், கண் கலங்கிவிட்டது.

"அழுவாதீங்க, எழுத்து ஊறிப்போயிரும்" என்று கீழேயிருந்து பாய் சொன்னார்.

மதியம் பழனியிலிருந்து பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் புதுத் தோடு போட்டுக்கொண்டு இளவஞ்சி. பட்டுப்பாவாடை பின்பக்கமெல்லாம் கறுப்பு பெயிண்ட், முரடன் மடியில் உட்கார்ந்தாள் அல்லவா. வழிநெடுக எல்லா போர்டையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவள், இந்தச் சுவரையும் பார்த்தாள்.

"மா... மா..."

"நல்லா சத்தமா வாசி சாமி" என்றாள் பூங்கொடி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மாமா!"

பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. மட்டன் கடைக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர்.