எழுத்தின் அளவு

பாஸ்வேர்டை அடித்து என்டரைத் தட்டியதும் திரை ஒரு கணம் கறுத்தது. அம்புக்குறி மட்டும் நடுவில் வந்து நின்றது. பிறகு அதுவும் போய், மறுபடியும் அதே நீலப் பக்கம், அதே பெயர், அதே காலிக் கட்டம். ஒன்பதாவது முறை. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லியிருக்கும். அதையும் சொல்லவில்லை. உள்ளே விட்டு, உடனே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் வெளிய தள்ளிடுச்சா?" என்றாள் ஜஹானாரா.

எபினேசர் தலையை மட்டும் ஆட்டினான். கட்டத்துக்கு மேலே 'ஜெரின்' என்றிருந்தது. அவன் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்த இந்தப் பேனர் கடையை அவளும் ஜஹானாராவும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். டிசைன் வேலை ஜெரினுக்கு, வெளி வேலை ஜஹானாராவுக்கு. இப்போது இரண்டும் ஜஹானாராவுக்கே. எண்ணூர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கம்ப்யூட்டர் சப்போர்ட் பார்க்கிற எபினேசர், அவள் போன் செய்ததும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான். அந்த எட்டு மாதத்தில் கடைக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

"நான் இன்னாண்ணா பண்ணேன்? அப்கிரேடு பண்ணவா, அப்கிரேடு பண்ணவான்னு டெய்லி வந்து கேட்டுகினே கீது. ஜெரின்னா அப்பாலன்னு அமுக்கிட்டுப் போயினே இருப்பா. நான் சரின்னு அமுக்கிட்டேன். பேஜாரு தாங்காம."

"அமுக்கலாம். தப்பில்ல."

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, படமில்லாத கறுப்புத் திரைக்குப் போனான். அங்கே உள்ளே விட்டது. எல்லாம் இருந்தது. கோப்புகள் பத்திரம். டிஸ்க்கில் இடம் தாராளம். திரைக்கான டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினான். நீலப் பக்கம். அப்கிரேடுக்கு முந்தைய லினக்ஸ் கெர்னலில் துவக்கினான். நீலப் பக்கம். ஒன்று தோற்றதும் அடுத்ததற்குப் போவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. இந்த மாதங்களை அப்படித்தான் கடத்தியிருந்தான். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் சொல்வதற்குக்கூட ஒரே வாக்கியம் வைத்திருந்தான்: ஆகஸ்டுல தலைவலின்னா, ஸ்கேன் பண்ணா மூளையில கட்டி, அக்டோபர்ல முடிஞ்சுபோச்சு. கேட்டவர்கள் 'இவ்ளோ சீக்கிரமா' என்பார்கள். ஆமாம் என்பான். யாருக்கும் எதுவும் செய்ய நேரம் இருந்திருக்காது என்பது அதற்குள்ளேயே இருந்தது.

வாசலில் பைக் நின்றது. நெட்டுக்குப்பத்துப் பாரி. ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்ணுக்குக் காதுகுத்து.

"இன்னாக்கா, பேனர் ரெடியா?"

"பொட்டி படுத்துகிச்சி நைனா."

"ஐயோ! எங்க பெரியப்பன் டெய்லி கேக்குறாரு, எம்மூஞ்சி எத்தினாவது வரிசைன்னு. ரெண்டாவதுல வந்தா காது குத்துக்கு வரமாட்டாரு, என்ன வந்து குத்துவாரு."

"அறுபத்திரெண்டு மூஞ்சி குட்த்துகீறே. அத்தினி பேரையும் முதல் வரிசைல வெச்சா பேனர் உங்க குப்பத்துலேர்ந்து ராயபுரம் வரிக்கும் நீளும். சாயந்திரம் வா."

"வேற பொட்டில போடேன்."

"நீ நடுக்கடல்ல எஞ்சினு நின்னா வேற கடலுக்கா போவே? போயிட்டு வா."

பாரி சிரித்துவிட்டுப் போனான். ஜஹானாரா சிரிக்கவில்லை. பேனர் சாயந்திரம் அச்சுக்குப் போயாக வேண்டும். அவள் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

எபினேசர் சோதனைக்கென்று புதிதாக ஒரு பயனரை உருவாக்கினான். அந்தப் பெயரில் உள்ளே போனதும் டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. வேறு யாருடையதோ போல, துடைத்துவைத்த மாதிரி. அப்படியானால் மெஷினில் கோளாறில்லை. ஜெரினின் கணக்கில்தான் எங்கோ.

"வந்துடுச்சே! அப்ப இதுலயே எல்லாத்தையும் மாத்திக் குட்த்துடேண்ணா. அவளுத எடுத்துடலாம்."

அதுதான் சரியான வழி. யார்டில் யாராவது கேட்டிருந்தால் அவனும் அதையே சொல்லியிருப்பான். பத்து நிமிட வேலை. கோப்புகள் வந்துவிடும். வராதது அவள் அடுக்கிவைத்த விதம் மட்டும். எந்த ஃபோல்டர் எந்த மூலையில், எந்தப் பட்டன் எங்கே. அதற்குப் பெயரில்லை, காரணம் சொல்லவும் முடியாது.

"ஒரு அரை மணி நேரம் குடு" என்றான்.

மீண்டும் கறுப்புத் திரைக்குப் போனான். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்புகள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தான். உள்ளே நுழையும்போது ஓடுகிற ஒரு சின்னக் கோப்பு. அவளே எழுதியது. அதில் எழுத்தின் அளவைச் சொல்லும் வரி. எதையும் அழிக்கமாட்டாள் ஜெரின். பழைய வரிக்கு முன்னால் ஒரு குறுக்குக் கோடு போட்ட அடையாளம் வைத்து, அதைச் செயலற்றதாக்கி, பக்கத்தில் தேதி எழுதி, கீழே புதிய வரியைச் சேர்ப்பாள். அவளுடைய மளிகைப் பட்டியலிலும் அப்படித்தான்.

ஜனவரி 9: 96. மார்ச் 2: 110. மே 20: 130. கடைசி வரிக்கு முன்னால் மட்டும் அடையாளம் இல்லை. ஜூலை 11: 160.

கோளாறும் அங்கேயே இருந்தது. திரையைச் செருகும் இடத்துக்குப் பழைய லினக்ஸில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர். கோப்பின் அடியில் அவள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்த வரி சொன்னது: அந்தப் பெயரில் திரை கிடைக்காவிட்டால் வெளியேறு. சொன்னபடி செய்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். கண்டுபிடித்தாயிற்று. அவன் கை கீபோர்டில் அப்படியே இருந்தது.

96, 110, 130, 160. எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்திருந்தது. எல்லாமே ஆகஸ்டுக்கு முன்னால், தலைவலிக்கு முன்னால்.

"ஜஹானாரா. அவளுக்குக் கண்ணு எப்பலேர்ந்து சரியாத் தெரியல?"

அவள் ஸ்டூலின் விளிம்பிலிருந்த ரெக்சின் கிழிசலை நகத்தால் பிய்த்தாள்.

"கண்ணாடி மாத்தணும்னுதான் சொல்லிகினு இருந்தா. ஸ்கிரீன்கிட்ட மூக்க கொண்டுபோயி வெப்பா. ஸ்கிரீன முத்தம் குடுக்கிறியாடின்னு நான் கிண்டல் பண்ணிகினு இருந்தேன், பாவி. ஒரு தபா பேனர்ல ஒருத்தர் இனிஷியல தப்பா போட்டுட்டா. அன்னிக்கு அழுதா. எபிண்ணாகிட்ட சொல்லுடின்னேன். சொல்றேன் சொல்றேன்னா."

"சொல்லல."

"நீ வருவியேண்ணா டெய்லி. கூட்டிகினு போக."

வந்தான். தினமும் ஏழு மணிக்கு. எதிரே பைக்கை நிறுத்தி ஹார்ன் அடிப்பான். பார்க்கிங் இல்லை, டிராஃபிக், பசி. அவள் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடி வருவாள். ஒரு நாள்கூட இறங்கி உள்ளே வந்ததில்லை. இந்தத் திரையைப் பார்த்ததில்லை. ஆறு மாதம் ஒரு கோப்பில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள், யார் திறந்தாலும் பார்க்கலாம் என்பதுபோல. எல்லோரிடமும் அவன் சொல்லிவந்த வாக்கியம் இனி வாயில் வராது என்று தோன்றியது.

"எனக்கு அந்தப் பெரிய எழுத்தே பழகிடுச்சிண்ணா" என்றாள் ஜஹானாரா, மெதுவாக. "சின்னது பண்ணணும்னு ஒரு நாளும் தோணல. ஆனா நீ சொல்லு. சின்னது பண்ணிடலாமா?"

அவன் 160-ஐத் தொடவில்லை. வெளியேறச் சொன்ன வரிக்கு முன்னால் அந்த அடையாளத்தை வைத்தான். பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினான். திரையின் புதிய பெயரை அடித்துச் சேமித்தான். நீலப் பக்கம். பாஸ்வேர்டு. என்டர்.

அம்புக்குறி வந்தது. போகவில்லை. ஜெரினின் டெஸ்க்டாப் வந்தது.

ஃபோல்டர்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் கட்டை விரல் உயரத்துக்கு இருந்தன. இடம் போதாமல் மடங்கி, ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு. நடுவில் ஒரு ஃபோல்டரின் பெயர் 'அவசரம்'. ஜஹானாரா மவுஸைப் பிடித்து அறுபத்திரண்டு முகங்களைத் திறக்கப் போனாள்.

"இரு. ரெண்டு நிமிஷம் திறக்காத" என்றான்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். இரண்டடி. படிக்க முடிந்தது. கண்ணாடிக் கதவுவரை போனான். முடிந்தது. சாக்கடை மேல் போட்ட சிமென்ட் பலகையில் நின்று திரும்பினான். அங்கிருந்தும்.

"எங்கண்ணா போற? வண்டி வர்து பாரு!"

மத்தியான வெயிலில் சாலையைக் கடந்து எதிர்ப்புறம், தினமும் பைக்கை நிறுத்தி ஹார்ன் அடித்த இடத்தில் போய் நின்றான். திரும்புவதற்குள் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரி ஒன்று கடையை மறைத்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று, எண்ணூர்ப் பக்கம் கண்ணுக்கெட்டுகிற வரை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தான். எபினேசர் குனிந்து பார்த்தான். லாரியின் தலைக்கும் கன்டெய்னருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் கடையின் வாசல், அதற்குள் இருட்டு, இருட்டுக்குள் வெள்ளையாக ஏதோ இரண்டு எழுத்து. அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு, அவை என்ன எழுத்து என்று பார்த்துக்கொண்டிருந்தான்.