தோல் கழுவிய தண்ணீர்

கிளப் செக்ரட்டரி கங்கையா பில்லியர்ட்ஸ் குச்சியை மேசைமேல் வைக்கவில்லை. செங்கல்வராயனின் கையிலேயே திணித்தார்.

"இந்தத் தோலை நல்லா சுத்தம் பண்ணி எண்ணெ போடுடா. மத்தியானம் பஸ் ஏறி திருப்பதிக்குப் போயி சக்ரபாணி வீட்டுல குடுத்துட்டு வந்துடு."

"அவரு எங்கய்யா?"

"லீவு போட்டுட்டு நேத்தே ஊருக்குப் போயிட்டாரு. அவசரத்துல இத மறந்துட்டாராம். வீட்டுக்கு அனுப்பச் சொன்னாரு."

சித்தூர் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று இருந்தது. அதற்குச் செங்கல்வராயன்தான் மார்க்கர். பந்து எடுத்து வைப்பான், புள்ளி எண்ணுவான், குச்சிகளைத் துடைப்பான். கிளப் குச்சிகள் எல்லாம் வெறும் மரம். ரெவின்யூ ஆபீஸ் குமாஸ்தா சக்ரபாணியின் சொந்தக் குச்சிக்கு மட்டும் கைப்பிடியிலிருந்து அடிமுனை வரை பழுப்புத் தோல் சுற்றி இறுக்கித் தைத்திருக்கும். எட்டு வருஷத்துக்கு முன் மெட்ராஸில் வாங்கியது. அதை அவர் யாரையும் தொட விடமாட்டார், செங்கல்வராயனைத் தவிர.

ஆந்திரா பிரிந்து மூன்றாவது வருஷம். எந்த ஊரை எந்த மாநிலத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்ய, எல்லை ஓரத்து ஊர்களில் எந்த வீட்டில் எந்த பாஷை பேசுகிறார்கள் என்று சக்ரபாணி பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். நாகலாபுரத்துப் பக்கம் ஓர் ஊரில் கங்கையாவுக்குக் கல் குவாரி இருந்தது. அந்த ஊர் மெட்ராஸ் பக்கம் போனால் குத்தகை போயிற்று. "இருக்கிறதைத்தான் எழுதுவேன் ஓய்" என்று சக்ரபாணி கங்கையாவிடம் சொன்னதை, முந்தின நாள் சாயங்காலம் பந்து அடுக்கிக்கொண்டிருந்த செங்கல்வராயன் கேட்டான். ஐந்து மணிக்கே கங்கையா அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். சாவியையும் வாங்கிக்கொண்டார்.

அவன் பின் வராந்தாவில் உட்கார்ந்தான். ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு தேய்த்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, சுற்றுப் போன போக்கிலேயே துடைத்தான். எதிர்ப்போக்கில் துடைத்தால் ஓரம் கிளம்பிவிடும். தண்ணீர் ஊறினாலும் தோல் விறைத்துக்கொள்ளும். கார்வேட்டிநகரத்தில் அவன் நைனா மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவர். கிணற்றுச் சாலுக்குத் தோல் போட்டு எண்ணெய் விட்டுப் பழகிய கை.

வழக்கமாகக் கைப்பிடியில்தான் வேர்வை அழுக்கு கறுத்திருக்கும். இன்றைக்கு அழுக்கெல்லாம் அடிமுனையில் இருந்தது. தையலுக்குள் வெள்ளையாக ஏதோ மாவுபோல அடைத்திருந்தது. வேர்க்கும்போது ஆட்டக்காரர்கள் கையில் பவுடர் போடுவார்கள், அதுதான் என்று நினைத்து, துடைப்பக் குச்சியால் நோண்டி எடுத்தான். துணியைப் பிழிந்தபோது தண்ணீர் சிவந்து ஓடியது.

"அது இன்னாடா?" கங்கையாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். துடைக்கிற வேலையை அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"ஆவாரம்பட்டை சாயங்கய்யா. பட்டை போட்டுப் பதம் பண்ண தோலு, ஈரம் பட்டா செவப்பா வுடும்."

கங்கையா அவனையே பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "சரிகா செப்பாவுரா! சரியாச் சொன்னடா, ஆவாரம்பட்டையே. கவலைக்காரன் மகனுக்குத் தெரியாததா?"

தோல் நிழலில் காய்ந்ததும் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு பறக்கத் தேய்த்து, கட்டைவிரலால் சுற்றுச் சுற்றாக ஏற்றினான். கடைசியில் உலர்ந்த துணியால் மெருகு. தோல் புதுசுபோல மின்னியது. அழுக்குத் துணியை எண்ணெய்ப் புட்டியோடு பையில் போட்டுக்கொண்டான். துணியை எறிகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"நான் இப்பவே நெல்லூர் போறேன். வர நாலு நாளாவும்" என்றார் கங்கையா. "குச்சிய நீயே உங்கையால குடு. வேற எவனும் தொடக் கூடாது."

பஸ்ஸில் குச்சியை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் கூடையோடு இருந்த ரத்தினம்மா என்கிற பூக்காரி முகத்தைத் திருப்பினாள்.

"யோவ், எங் கண்ண நோண்டிடப் போற. இன்னாய்யா அது, மாடு ஓட்டுற கோலா? மாப்ளையாட்டம் மினுக்கிக்கினுகீது."

"பந்து ஆடுற குச்சிம்மா."

"இதுக்கா இவ்ளோ எண்ணெ? எந்தலைக்கு இல்ல! தண்ணில கழுவுனா சாயம் போவாதா?"

"மொத ரெண்டு தபா போவும். அப்பறம் எத்தினி தபா கழுவுனாலும் தண்ணி தெளிவாத்தான்..."

அவன் பாதியில் நிறுத்தினான்.

எட்டு வருஷத் தோல். மாசம் ஒரு தடவை அவனே துடைத்திருக்கிறான். போன மாசம்கூடத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

"இன்னாய்யா, மூஞ்சி வெளுத்துக்கினு போவுது? வாந்தி வந்தா அந்தப் பக்கம் எடு, எம் பூவுமேல எடுக்காத."

சந்திரகிரி தாண்டுவதற்குள் குச்சியைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தான். எறிந்தால், குச்சி எங்கே என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்தவள் சக்ரபாணியின் மனைவி பத்மாசனி.

"நீங்க யாரு?"

"சித்தூர் கிளப்லேர்ந்து வரேம்மா. அய்யா இத வூட்டுல குடுக்கச் சொன்னாராம். அவரு... வந்துட்டாராம்மா?"

"வரலையே! சனிக்கிழமைன்னா வருவார்?" அவள் பார்வை குச்சிமேல் விழுந்தது. ஓரடி பின்வாங்கினாள். "ஆத்துக்குக் கொடுக்கச் சொன்னாரா? இதையா? எங்க மாமனார் கோயில் கைங்கர்யம் பண்றவர். தோலை வாசப்படி ஏத்தப்படாதுன்னுதானே அவர் அதைக் கிளப்புலயே வச்சிருக்கார்! எட்டு வருஷமா நான் இதைக் கண்ணால பார்த்ததில்லே. அவர் சொல்லியிருக்கவே மாட்டார்."

அவள் குரல் உயர்ந்தது கேட்டு உள்ளேயிருந்து அவள் தம்பி கண்ணபிரான் வந்தான். இப்போதுதான் நாமம் இட்டிருந்தான். வெள்ளைத் திருமண் நெற்றியில் இன்னும் முழுசாகக் காயவில்லை.

செங்கல்வராயன் அந்த வெள்ளையைப் பார்த்தான். தையலிலிருந்து நோண்டி எடுத்தது பவுடர் இல்லை. சக்ரபாணியின் நெற்றித் திருமண்.

"யாருய்யா நீ? அத்திம்பேர் குச்சி உன் கையில எப்படி வந்தது?"

சொல்லிவிட்டு ஓடலாம். சொல்லாமலும் ஓடலாம். எப்படி ஓடினாலும் தோலில் இருப்பது அவன் கை எண்ணெய். பூக்காரி பார்த்திருக்கிறாள், கண்டக்டர் பார்த்திருக்கிறான். கங்கையா நெல்லூரில் இருக்கிறார்.

அவன் குச்சியை வாசலுக்கு வெளியே தரையில் கிடத்தினான். பையைத் துழாவி அந்தத் துணியை எடுத்துப் பிரித்தான். மடிப்புக்குள் கறை கறுத்து மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஓரத்தில் துளி வெள்ளை.

"சாமி, போலீசைக் கூப்புடுங்க. குடுத்தனுப்புனது குவாரிக்கார கங்கையா, தொடைச்சது நாந்தான். ஆவாரஞ் சாயம்னு நெனச்சி ரத்தத்தத் தொடைச்சிட்டேன். அந்தத் தண்ணிய மட்டும் ஊத்திட்டேன். துணி இருக்குது."

பத்மாசனி துணியைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணபிரான் தெருவில் இறங்கி ஓடினான். பத்தடி போனவன் நின்றான். தெருமுனையில் ஒரு ஜீப் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. சித்தூர் ஜீப். குவாரித் தூசி படிந்தது.

நெல்லூர் போனவர் அதிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிதானமாக அவர்களை நோக்கி நடந்து வந்தார்.

செங்கல்வராயன் துணியைச் சுருட்டிப் பத்மாசனியின் மடியில் வைத்தான்.

"உள்ள போயித் தாழ்ப்பா போட்டுக்கம்மா" என்றான். "இந்தத் துணி தோல் இல்ல. வூட்டுக்குள்ள போலாம்."