பெக்கான் ட்ரீயின் இடிக்குரல்

எங்கள் பாட்டுக் கம்பெனி பெக்கான் ட்ரீ ரெக்கார்ட்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தைப் பற்றி கார்னீலியஸ் பேச ஆரம்பித்தால், அடுப்பில் இறைச்சி கருகுவதுகூட அவனுக்குத் தெரியாது. வருடா வருடம் எங்கள் கறுப்பு ஜனங்களின் விடுதலை நாளான ஜூன்டீன்த் அன்று மக்கிரெகர் பூங்காவில் இதே கூத்துதான். அன்றைக்கு அவன் கம்பெனி முதலாளி. இன்றைக்கு ஏசி ரிப்பேர். நான் வெர்லீன், கார் டிக்கியில் கேசட்டை அடுக்கிக்கொண்டு தெற்கு ஹூஸ்டன் முழுக்க விற்றவள். கார்னீலியஸ் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு நம்புங்கள்.

ஆனாலும் அது ராஜ வாழ்க்கைதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மிட்டாய் நிறத்தில் பளபளக்கிற கார்கள் என் டிக்கியைத் தேடி வந்து வரிசையில் நிற்கும். எங்கள் பாட்டு எல்லாமே வேகத்தைக் குறைத்துப் பதிந்தது. இந்த வெயிலில் எவன் அவசரமாகப் பாட்டு கேட்பான் என்பது கார்னீலியஸின் கட்சி. அப்படி இழுத்து இழுத்து வந்த குரல்களில் பெரிய குரல் பிக் தண்டருடையது. அவன் வாயைத் திறந்தால் கார் கண்ணாடி அதிரும்.

நிஜத்தில் அந்த பிக் தண்டர், அதாவது எங்கள் டெரிக், வெண்டைக்காய் மாதிரி இருப்பான். குரல் சுத்தக் கீச்சு. பேச்சும் படபடவென்று வரும். வேகத்தைக் குறைத்ததும்தான் இடி இடித்தது. அதனால் அவனுக்கு மேடையும் கிடையாது, ரேடியோ பேட்டியும் கிடையாது. தொழில் ரகசியம்.

மகள் டெரிகாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவன் கார் விபத்தில் போய்விட்டான். பாவி, கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்கக் கூடாதா. அவள் அம்மா அவன் பேச்சையே எடுக்கமாட்டாள். பிள்ளை அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் தூங்கி வளர்ந்தது. எங்கப்பா மலை மாதிரி இருந்தாராமே என்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் ஆமாம் என்று மண்டையை ஆட்டினோம்.

அம்மாவுக்கு தேவாலயத்தையே நிறைக்கிற கட்டைக் குரல். அப்பா இடி. நடுவில் டெரிகாவுக்கு மட்டும் கீச்சுக்குரல். அவள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் போன் எடுத்தால், பாப்பா, பெரியவங்க யாராவது இருந்தா குடு என்பார்களாம். சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். உறுதிமொழியை வாயால் சொல்லமாட்டேன், தலையை மட்டும் ஆட்டுவேன் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டாளாம். தனக்குப் பதிலாக அப்பா குரல் ஒலிக்கட்டும் என்று கார்னீலியஸிடம் நல்ல பிரதி ஒன்று கேட்டிருந்தாள்.

பூங்காவுக்கு வந்ததும் வராததுமாக, "மாமா, இந்த வெயில்ல மனுஷன் இருப்பானா? வெந்து சாகுறேன்" என்று கீச்சிட்டாள்.

கார்னீலியஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேசட்டைக் காட்டினான். வேகம் குறைப்பதற்கு முந்தைய அசல். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் மலையை மடுவாக்காதே என்று அவனைத் திட்டினேன். எத்தனை நாளைக்குப் பிள்ளையை ஏமாற்றுவது என்று முனகியபடி அவன் போய்த் தன் பழைய காரில் கேசட்டைப் போட்டுவிட்டான்.

டிக்கி ஸ்பீக்கரில் டெரிக் படபடவென்று பொரிந்தான். பக்கத்து அடுப்புக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

டெரிகா சிரிக்கவில்லை. "யாரு அத்தை இது?"

நானே சொல்ல வேண்டியதாயிற்று. "உங்கப்பன்தான்டி."

"பொய் சொல்லாதீங்க. எங்கப்பா குரல் எனக்குத் தெரியும்."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, கேசட்டைப் பிடுங்கிக் கார்னீலியஸ் தலையிலேயே அடிக்கலாம் என்று காருக்குள் கையை நீட்டினேன். அதற்குள் பாட்டு நடுவில் நின்றது. டெரிக் வரியை மறந்துவிட்டான்.

"கார்னீலியஸ், ஏசியைப் போடுடா! இந்த வெயில்ல மனுஷன் இருப்பானா? வெந்து சாகுறேன்!"

டெரிகா நீண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடுங்க மாமா."

மூன்று தடவை போட்டான். மூன்றாவது தடவை அவளும் கூடவே அதைச் சொன்னாள். எது அப்பன், எது மகள் என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. நான் அழுதேன். வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லிக்கொண்டேன்.

டெரிகா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "பாஸ்டர், சனிக்கிழமை நான் தலையாட்டப் போறதில்ல. எனக்கு மைக் வேணும்."

"யாரு பாப்பா பேசுறது?" என்றார் பாஸ்டர்.

"பிக் தண்டர் மக பேசுறேன்" என்றாள், அந்தக் கீச்சுக்குரலிலேயே.